அனுமதி கேளாது வரும் அஞ்சல்

பிறருடைய ஓய்வு நேரத்தின்மீது நமக்கு உரிமை உண்டா? நேருக்கு நேர் கேட்டால் எவரும் ‘இல்லை’ என்றே விடையளிப்பர். ஆயினும், இரவு 11 மணிக்குத் தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவருக்கு அலுவலக மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று உறங்கச் செல்லும் மேலதிகாரி, அவ்வுரிமையைக் கேளாமலே எடுத்துக்கொண்டவர் ஆகிறார். அவருடைய மனப்பாரம் இறங்கிவிட்டது. அது இப்பொழுது மற்றொருவரின் தலைமாட்டில் கைப்பேசியாக ஒளிர்கிறது. திறந்து பார்த்தால் உறக்கம் போயிற்று. பாராமல் விட்டாலோ, என்ன செய்தியோ என்ற ஐயம் உறங்கவிடுவதில்லை. இந்த உறக்கத்திற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

பழைய முறைகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தபால்காரர் பகலில் வருவார். இரவில் வந்து கதவைத் தட்டியது தந்தி ஒன்றுதான். 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்பெற்ற அந்தத் தந்திக்குச் சொல்லை எண்ணிக் கட்டணம் வாங்கினார்கள். ஆகவே, இச்செய்தி ஒரு வீட்டை எழுப்பத் தக்கதுதானா என்று அனுப்புகிறவர் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. பிறரை எழுப்புவதற்கு எழுப்புகிறவரே விலை கொடுத்தார். மின்னஞ்சலில் அவ்விலை மறைந்துவிடவில்லை. அனுப்புகிறவரிடமிருந்து பெறுகிறவருக்கு மாறிவிட்டது. காசு செலவில்லை என்று நாம் மகிழ்கிற இடத்தில், வேறொருவர் தம் இரவைச் செலவிடுகிறார்.

மின்னஞ்சலும் தொடக்கத்தில் இவ்வாறு இருக்கவில்லை. அது மேசைக் கணிப்பொறிக்குள் காத்திருந்தது; வேண்டியவர் போய்ப் பார்த்துக்கொண்டார். கனடா நாட்டின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் பிளாக்பெரி என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டபோது இம்முறை தலைகீழாயிற்று. அலுவலகத்திற்கு வந்து சேர்ந்த அஞ்சல், உரியவர் எங்கிருந்தாலும் அவரைத் தேடி வந்து அதிர்ந்தது. 2004இல் இந்தியாவுக்கு வந்த அக்கருவி, பெரிய அதிகாரிகளின் பெருமைச் சின்னமாக விளங்கியது. 2022 ஜனவரியில் அப்பழைய கருவிகளுக்கான சேவை முடிவுற்றது. ஆனால் அது கற்பித்த பழக்கம் ஒவ்வொரு கைப்பேசியிலும் குடிபுகுந்துவிட்டது. பெருமையாக வந்தது கடமையாக நிலைத்துவிட்டது.

மதுரை மக்களுக்கு வேலை நேரம் என்பது ஒரு காலத்தில் காதால் கேட்டறியும் பொருளாக இருந்தது. 1889இல் தொடங்கப்பெற்று, மக்கள் வாயில் ஹார்வி மில் என்றே வழங்கிய மதுரா மில்லின் சங்கு, ஆட்களை வேலைக்கு அழைத்தது; முறை முடிந்ததையும் அதுவே அறிவித்தது. ஆலை வாழ்க்கை இன்பமயமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால், நூற்பு இயந்திரத்தை எவரும் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல இயலாது. வேலைக்கு ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, மிகுதியான நேரத்துக்கு இருமடங்கு ஊதியமும் விதித்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை, 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மே முதல் நாளே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பேரவையில் மசோதாவாக வந்த 12 மணி நேரத்தை எதிர்த்து நின்றோம். சட்டைப் பைக்குள் மசோதா ஏதுமின்றி வந்த 14 மணி நேரத்தை ஏற்றுக்கொண்டு விட்டோமே!

இக்கருவியைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமாகாது. ஒரே ஒரு பதிலுக்காக அலுவலகத்தில் மாலை முழுதும் காத்துக்கிடந்தவர், இன்று மேலூர் செல்லும் பேருந்தில் அமர்ந்தே அதைப் பார்த்து விடையெழுதிவிடுகிறார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகிலிருந்து ஒரு தாய் தம் பணியை ஆற்ற முடிகிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. குற்றம் கருவியிலன்று, அதனைக் கையாளும் உறவிலேயே இருக்கிறது.

‘இரவில் பார்க்கும்படி யார் கட்டாயப்படுத்தினார்?’ என்று கேட்போர் உண்டு. கட்டாயம் சொல்லில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் கையில் மற்றவரின் பதவி உயர்வும், வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையும் இருக்கும்போது, அவருடைய மௌனமும் ஆணையாகிவிடுகிறது. ‘அவசரமில்லை, காலையில் பார்க்கலாம்’ என்று எழுதுவதும் போதாது. அதைப் படிக்கவே அவர் விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதன்றோ?

‘மதுரைதான் தூங்கா நகரமாயிற்றே’ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்துள்ள இந்நாளில் அவ்வேடிக்கைக்கு வேறொரு பொருளும் உண்டு. கோடையில் நியூயார்க் நகரத்துக் காலை 9 மணி, மதுரையில் மாலை 6.30, நமக்கு மஃரிப் வேளை. அங்கே வேலை தொடங்கும்போது இங்கே வேலை முடிய வேண்டும். ஆனால், தூங்கா நகரம் என்பதன் உட்பொருள் யாது? பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்தே பேசுகிறது. விடியுமுன் பூ வாங்க வருபவரும், நள்ளிரவில் இட்டிலி விற்பவரும் பகலில் எங்கோ கண்ணயர்பவர்களே. மக்கள் முறைவைத்துத் தூங்குவதனால்தான் நகரம் விழித்திருக்கிறது. பகலில் உழைத்த அதே மனிதரை இரவிலும் விழித்திருக்கச் சொல்வது நகரத்தின் இயல்பன்று, சுரண்டலே ஆகும்.

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி பெற்றே உள்ளே நுழைய வேண்டும். ‘திரும்பிச் செல்க’ எனின் திரும்பிவிட வேண்டும் என்பது திருமறையின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். அவ்வத்தியாயம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. சுபுஹுக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் ஆக மூன்று வேளைகளில், வீட்டிலேயே வளரும் சிறுவரும் பணியாளரும்கூட அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்கிறது. இதில் அடங்கிய நுட்பத்தை நோக்குக. மனிதனின் அந்தரங்கம் சுவரால் மட்டும் ஆனதன்று, நேரத்தாலும் ஆனது. கதவு திறந்திருப்பதே அனுமதியாகிவிடாது. கைப்பேசி கையிலிருப்பதும் அவ்வாறே. பணியாளர் வேலை நேரத்தை வீணாக்கினால் அமானித மோசடி என்கிறோம். அவருடைய ஓய்வு நேரமும் முதலாளியின் கையில் உள்ள அமானிதம் என்பதை ஏன் மறக்கிறோம்?

உலகம் இதனை உணரத் தொடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம், தொழிலாளர் மன்றத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 2011இல் ஒரு பகுதி ஊழியருக்கு, வேலை முடிந்து அரை மணிக்குப் பின் கைக்கருவிகளுக்கு அஞ்சல் செல்வதையே நிறுத்தியது. மில் சங்கின் இரண்டாம் ஒலி மீண்டும் கேட்டது எனலாம். பிரான்சில் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும் வேலைத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாயிற்று. இந்தியாவில் சுப்ரியா சுலே மக்களவையில் 2018லும், மீண்டும் 2025 டிசம்பரிலும் இதனைத் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்தார். 1970க்குப் பின் எந்தத் தனிநபர் மசோதாவும் இங்குச் சட்டமானதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆயினும் சட்டம், பெறுகிறவருக்கு மறுக்கும் உரிமையைத்தான் தரமுடியும். மறுக்கத் துணிவற்றவர்க்கு அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய். அனுப்புகிறவரின் நெஞ்சில் வேலி எழவேண்டும். எழுதிய அஞ்சலைக் காலையில் போய்ச் சேருமாறு நிறுத்திவைக்கும் வசதி இன்று மின்னஞ்சலிலேயே உண்டு. விரல் அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இச்செய்திக்காக நானே எழுந்து, இவ்விரவில் நடந்து சென்று, அவர் வீட்டுக் கதவைத் தட்டுவேனா? ஆம் எனில் அனுப்புக. இல்லையெனில், விடியும்வரை அது நம்மிடமே இருக்கட்டும்.