சொல்பவனும் கேட்பவனும்

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு, வாரம் ஒருமுறை தாய்மொழியில் அருளுரை கேட்கக் கிடைப்பதே பெரும் பேறு. ஆயினும் ஆராதனை முடிந்து பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் போதகரின் குரல், உச்சரிப்பு, குடும்பச் செய்தி ஆகிய அனைத்தையும் எடைபோட்டு முடித்துவிடுவோம். இக்கலையில் நானும் தேர்ந்தவனே.

ஒரு ஞாயிறு, காய்ச்சலால் வர இயலாத என் தாயார், "இன்றைக்கு ஐயர் என்னப்பா சொன்னார்?" என்று கேட்டார்கள். அவர் செய்த மூன்று இலக்கணப் பிழைகளை என்னால் கூற முடிந்தது. செய்தியோ நினைவில் இல்லை. சகோதரனோடு ஒப்புரவாதல் பற்றியே அவர் பேசினார் என்பதைப் பிறகு என் மனைவி சொல்லி அறிந்தேன். அப்போது என் தம்பியோடு நான் பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று எழுந்த வினா இது: மீட்பில் சொல்பவனுக்குரிய பங்கு யாது? கேட்பவனுக்குரியது யாது?

எசேக்கியேல் ஆகமத்தின் 33ஆம் அதிகாரம் இருவரையும் ஒருங்கே நிறுத்திக் காட்டுகிறது. அதன் முற்பகுதியில் தீர்க்கதரிசி நகர்க் காவலனுக்கு ஒப்பிடப்படுகிறான். பகை வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாவிடில், மாண்டவரின் இரத்தப்பழி அவனைச் சேரும். ஊதியும் கேளாதவரின் பழி அவரவர் தலைமேல். பிற்பகுதியிலோ மக்கள் தீர்க்கதரிசியை இனிய குரலுடைய பாடகனாகக் கருதி மகிழ்கின்றனர், கேட்டபடி நடப்பாரில்லை. காவலனைப் பாடகனாக்குவது கேட்பவன் குற்றம். அதற்கு இசைவது சொல்பவன் குற்றம்.

சொல்பவனே குறையுடையவனாயின்? யோனாவை எண்ணுக. அழைப்பை மறுத்துத் தர்ஷீசுக்குக் கப்பலேறியவர் அவர். நினிவேயில் அவர் கூறிய எச்சரிக்கை, எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள். அந்நகர் அழியாது பிழைத்ததற்காகச் சினந்தவரும் அவரே. ஆயினும் அரசன் முதல் அடிமை வரை நோன்பிருந்து மனந்திரும்பினர். எனவே போதகரின் குறை, கேட்பவன் ஒளிந்துகொள்ளும் மறைவிடம் ஆகாது.

எடைபோடுவோருக்கும் நம்பிக்கை உண்டு. 384ஆம் ஆண்டு மிலான் நகருக்குச் சொற்கலை ஆசிரியராகச் சென்ற அகஸ்டின், ஆயர் அம்புரோசின் உரையைக் கேட்கப் போனது பொருளுக்காக அன்று. அவருடைய சொல்வன்மை புகழுக்கு ஏற்றதுதானா என்று சோதிக்கவே. சொல்லோடு பொருளும் சிறிது சிறிதாகத் தம்முள் நுழைந்ததை அவரே எழுதியுள்ளார். 387இல் அந்த அம்புரோசிடமே ஞானஸ்நானம் பெற்றார்.

என் போன்ற எழுத்தனுக்கு இது எளிதில் விளங்கும். ஓர் ஆணையைத் தட்டச்சு செய்து அனுப்புபவன் அதனைப் பிறப்பித்தவன் அல்லன். அவன் நல்லவனாயினும் அல்லனாயினும் ஆணை ஆணையே. ஆனால் அதனை இழுப்பறையிலேயே வைத்துவிட்டால், ஓய்வூதியத்திற்குக் காத்திருக்கும் முதியவர் வாடுவார். அது கிடைத்தும் அவர் உறையைப் பிரிக்காவிடில் அப்போதும் பயனில்லை. ஓய்வூதியத்தை வழங்குவது இருவரும் அல்லர்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நட்டவன் தான் என்றும், நீர் பாய்ச்சியவன் அப்பொல்லோ என்றும், விளையச் செய்தவர் கடவுளே என்றும் கூறுகிறார். அதே நிருபத்தில், பிறருக்குப் போதித்த தாமே தள்ளப்பட்டவராகி விடலாகாதே என்றும் அஞ்சுகிறார். சொல்பவனும் தன் சொல்லைக் கேட்கக் கடமைப்பட்டவன் என்பது இதனால் விளங்கும். கேட்பவனும் சொல்பவனாக வேண்டிய வேளை உண்டு என்பதை நான் என் வீட்டில் கற்றேன். அம்மாவால் பின்னர் ஆலயம் வர இயலவில்லை. ஞாயிறுதோறும் அவர்கள் கட்டிலருகே அமர்ந்து, கேட்டதைச் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்ததால் செவி கொடுத்துக் கேட்டேன்.

முதன்முறை நான் சொல்லி முடித்ததும், அம்மா தலையணைக்கடியிலிருந்து ஓர் அஞ்சலுறையை எடுத்துத் தந்தார்கள். அதில் தம்பியின் முகவரி மட்டும் எழுதப்பட்டிருந்தது. கடிதத்தை அன்றிரவே எழுதினேன்.