முடியாதா, மாட்டானா?

வீட்டை வாடகைக்கு விட்டவரை வீட்டுக்காரர் என்கிறோம். அதில் குடியிருப்பவரைக் குடித்தனக்காரர் என்கிறோம். வீடு ஒருவருடையது, அதில் நடக்கிற குடித்தனம் இன்னொருவருடையது என்று நம் பேச்சே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. வாடகை ஒழுங்காக வருகிறவரையில் இந்தப் பங்கில் யாருக்கும் தகராறு இல்லை. அது நின்றுபோகிற மாதத்தில்தான், 'வீடு யாருடையது?' என்ற கேள்வி வீட்டுக்காரரின் தொண்டையில் வந்து நிற்கிறது. என் தொண்டையிலும் ஒரு தடவை வந்து நின்றது.

தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்தில் என் அத்தைக்கு ஓர் ஓட்டு வீடு உண்டு. சூரியகாந்தி பூக்கிற காலத்தில் வெளியூர்க்காரர்கள் காரில் வந்து படம் பிடித்துப் போகிற ஊர் அது. 1992-இல் 'ரோஜா' படம் வந்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருகியது. அத்தை விதவை; தென்காசியில் எங்களோடு இருக்கிறாள். அந்த வீட்டு வாடகை மாதம் 2,500 ரூபாய்தான் அவளுக்குச் சொந்த வருமானம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கியது போக மிஞ்சுவதில் பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிக் காசு. வாடகையை வாங்கி வருவது என் வேலை. ரசீதில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

குடித்தனக்காரர் குற்றாலத்தில் நேந்திரங்காய் வற்றல் கடை வைத்திருந்தவர். அருவியில் தண்ணீர் விழுந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது; அருவிக்கரைகளை அடைத்தார்கள். சாரல் வந்தது, அருவி கொட்டியது, குளிக்கத்தான் ஆளில்லை. ஏப்ரல் முதல் ஆறு மாதம் வாடகை வரவில்லை. பாக்கி 15,000 ரூபாய். முன்பணமாகக் கொடுத்த 5,000 எப்போதோ ஓடு மாற்றியதில் கரைந்து போயிருந்தது.

யோசனை சொல்லுகிறவர்களுக்கா பஞ்சம்? "ஃபியூஸைப் பிடுங்கும், மூணாம் நாள் தானாக் காலி பண்ணுவான்" என்றார் ஒருவர். ஆள் இல்லாத நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடச் சொன்னார் இன்னொருவர். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை அன்றைய சட்டமும் தடுத்தது, இன்றைய சட்டமும் தடுக்கிறது என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்ன பிறகுதான் அந்த யோசனைகள் ஓய்ந்தன.

அந்த நண்பர் சொன்ன வேறொரு விஷயம்தான் என்னை வெகு நாள் தூங்கவிடவில்லை. 1960-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், பாக்கி வைத்ததற்காக ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால், அவர் வேண்டுமென்றே பாக்கி வைத்தாரா என்று அதிகாரி பார்க்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை என்று தோன்றினால், பதினைந்து நாளுக்கு மிகாமல் தவணை கொடுக்கலாம். அதற்குள் கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. அந்த 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று 1985-இல் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்தது. அறிந்தும், விளைவு தெரிந்தும் கொடாமல் இருப்பது என்று அது பொருள் கண்டது.

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் இந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டது. இரண்டு மாத வாடகை பாக்கியா? கேட்டு அறிவிப்பு அனுப்பு. ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டினால் இருக்கலாம்; கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் வெளியேற்றலாம். பழைய சட்டம் மனத்தைப் பார்த்தது. புதியது காலண்டரைப் பார்க்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லி வழக்குகள் வருஷக் கணக்கில் இழுத்ததில் வயிறெரிந்த வீட்டுக்காரர்களும் உண்டு. ஆனால் நீதிமன்றம் கேட்காமல் விட்ட கேள்வி எங்கேயும் போய்விடவில்லை. அது நேரே வீட்டுக்காரரின் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மனிதரால் கொடுக்க முடியாதா, அல்லது கொடுக்க மாட்டாரா?

அதைத் தெரிந்துகொள்ளப் போனேன். "அப்பா இல்லை" என்றான் பையன். கொல்லைப்புற வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. கோபம் தலைக்கேறியது. 'மாட்டான்தான்' என்று தீர்ப்பெழுதிக்கொண்டு திரும்பினேன்.

இதற்கிடையில் நான் ஒரு புண்ணியமும் செய்து வைத்திருந்தேன். முதல் இரண்டு மாதம் என் பணத்தை எடுத்து, வாடகை என்று சொல்லி அத்தையிடம் கொடுத்தேன். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் பணத்தை நீட்டியபோது கையை நீட்டவில்லை.

"ரசீதுப் புத்தகத்தை நீ கொண்டு வரலையே, எய்யா. இது வாடகை இல்லை, நீ தாறது. இதுக்கு நான் எங்கே கையெழுத்துப் போட?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய பணத்தில் அவரிடம் பெருந்தன்மை காட்டினேன். என் பணத்தில் அவளிடம் பெருந்தன்மை காட்டினேன். இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருந்தன்மை என்று நான் நினைத்ததில் பாதி, கேட்பதற்குக் கூசிய கோழைத்தனம்.

அக்டோபரில் மறுபடியும் போனேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்து அவரே வெளியே வந்தார். "தலையைக் காட்ட முடியலை அண்ணாச்சி" என்றார். உள்ளே அவர் மனைவி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வெட்கமும் ஏமாற்றும் தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரிகின்றன. திண்ணைக்கு வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

கணக்கு எழுதினோம். அருவி திறக்கிறவரையில் மாதம் 1,000. திறந்த பிறகு வாடகையோடு 500 சேர்த்து. டிசம்பரில் குளிக்க விட்டார்கள், சொன்னபடி கொடுத்தார். 2021 ஏப்ரலில் மறுபடியும் அடைத்தார்கள். அன்று மாலையே தென்காசிக்கு பஸ் ஏறி வந்து, "இந்த மாசம் ஆயிரம்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். பணம் குறைந்தது, ஆனால் அவர் ஒளியவில்லை. பாக்கி முழுவதும் அடைய இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று.

எல்லோரும் இவரைப்போல் இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் பணத்தை வைத்துக்கொண்டே வீட்டுக்காரரை அலையவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவிப்பும் நீதிமன்றமும்தான் சரி; அதில் தயங்குவது தர்மமல்ல. ஆனால் அறிவிப்பு எழுதுவதற்கு முன்னால் திண்ணையில் ஓர் அரை மணி உட்கார வேண்டும். அதுவும் ஆறு மாதம் கழித்து அல்ல, முதல் மாதமே. நான் முதல் மாதமே போயிருந்தால் அவர் செருப்பை ஒளித்து வைக்க வேண்டியிருந்திருக்காது.

பாக்கியை மொத்தமாகத் தள்ளிவிடலாமே என்று ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன். "அவர் கேட்டாரா?" என்றாள். கேட்கவில்லை. "அப்போ கணக்கிலே இருக்கட்டும். கொடுப்பார்னு நினைச்சுத்தானே கணக்கு வச்சிருக்கோம்" என்றாள்.

கடைசித் தவணை வந்த அன்று ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.