முன்பா, பின்பா?

'காணவில்லை' என்ற சொல்லுக்கு ராணுவக் கோப்புகளில் ஒரு ஆயுள் உண்டு. முதலில் வீட்டுக்கு ஒரு தந்தி வரும்: உங்கள் மகனைக் காணவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம்: வேறு தகவல் கிடைக்காததால் இறந்துவிட்டதாகக் கருதுகிறோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கு 44 பேர். போர் முடிந்தபோது விமானப்படை முழுவதிலும் என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள் மட்டும் 42 ஆயிரம் பேருக்குப் பக்கம்.

அவர்களைத் தேட விமானப்படை ஒரு தனிப் பிரிவையே வைத்திருந்தது. அதிகாரிகள் ஐரோப்பாவின் கிராமங்களுக்குப் போனார்கள். பாதிரியாரை விசாரித்தார்கள், ஊர்ப் பதிவேட்டைப் புரட்டினார்கள், கல்லறைகளைத் திறந்தார்கள். சட்டையில் இருந்த சலவைக் குறி, மோதிரம், என்ஜின் எண் என்று கிடைத்ததை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். எலும்புகளைப் பிரிக்க முடியாத இடங்களில் ஒரு குழு மொத்தத்துக்கும் ஒரே கல்லறை. எதுவுமே கிடைக்காத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் கல்லில் வெட்டி, 1953இல் நினைவகத்தைத் திறந்துவைத்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது முடியவில்லை. 80 வருடம் கழித்தும் அக்கா பேரன், தம்பி பேத்தி என்று யாராவது ஒருவர் தேடிக்கொண்டே இருக்கிறார். எதற்கு? எபிக்யூரஸ் வழியில் யோசித்தால் செத்தவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காத்திருந்த அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அப்புறம் இந்தக் கடன் யாருக்கு? வெறும் ஆர்வத்துக்கு 'கடமை' என்று பெயர் வைத்துக்கொள்கிறோமா?

எங்கள் இங்கிலாந்துக் கிளையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வழியாகத்தான் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. அவருடைய பாட்டியின் அண்ணன் ஒரு லாங்காஸ்டரில் நேவிகேட்டர். 1943 கோடையில் ஹாம்பர்க்குக்குப் போன விமானம் அது, திரும்பி வரவில்லை. ஏழு பேரும் வட ஜெர்மனியில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். அதுவரை குடும்பத்துக்குத் தெரியும். நண்பருக்குத் தெரிய வேண்டியிருந்தது, அன்றிரவு என்ன நடந்தது என்பது.

இந்தத் தேடல் எங்கள் தொழிலுக்கு நெருக்கமான வேலை. இரண்டு சர்வர்களின் லாகை எடுத்துவைத்துக்கொண்டு எந்த வரிக்கு எந்த வரி ஜோடி என்று பார்ப்போமே, அதேதான். பிரிட்டிஷ் பக்கத்தில் படைப்பிரிவின் தினசரிப் பதிவேடு இருக்கிறது, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று எழுதியிருப்பார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நாலைந்து வரி இருக்கும். வராதவர்களுக்கு ஒரே வரி: திரும்பவில்லை. அந்த விமானம் எப்படி விழுந்தது என்பது எதிரியின் ஏட்டில் இருக்கும். ஜெர்மன் இரவுப் போர்விமானிகள் தாங்கள் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னவற்றை நேரம், இடத்தோடு பதிந்துவைத்தார்கள். உங்கள் தாத்தாவின் கடைசி நிமிடம் அவரைக் கொன்றவரின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டையும் பொருத்துவதில் முதல் சிக்கல் கடிகாரம். போர்க்காலக் கோடையில் பிரிட்டன் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணிநேரம் முன்னால் ஓடியது. ஜெர்மனியும் கோடைநேரம் வைத்திருந்ததால் 1943 ஜூலையில் இரண்டு நாட்டிலும் சுவர்க்கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டியது. ஆனால் வானில் நேவிகேட்டர்கள் கணக்குப் போட்டது கிரீன்விச் நேரத்தில். ஆக, ஒரு தாளில் இருப்பது எந்த நேரம் என்று கவனிக்காவிட்டால் இரண்டு மணிநேரம் தவறிவிடும். ஹாம்பர்க் போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் இடையில் அவ்வளவு நேரம்கூடக் கிடையாது.

இதை எளிதாகத் தீர்த்தோம். பதிவேட்டில் இருந்த கிளம்பிய நேரத்தை அன்றைய சூரிய அஸ்தமனத்தோடு ஒப்பிட்டால் அது உள்ளூர் நேரம்தான். கிரீன்விச் என்றால் குழு இருட்டி வெகுநேரம் கழித்துக் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல் தீரவில்லை. அன்றிரவு அந்தப் பகுதியில் இரண்டு லாங்காஸ்டர்கள் விழுந்திருந்தன, ஏறக்குறைய ஒரு மணிநேர இடைவெளியில். ஒன்று இலக்கை அடையும் முன்பு, மற்றது குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது. கிராமத்துப் பதிவேட்டில் புதைத்த தேதி இருக்கிறது, விழுந்த மணி இல்லை. வயல் எந்தப் பக்கம், விமானம் எந்தத் திசையில் இழுத்துக்கொண்டு போனது என்றெல்லாம் பார்த்தால் நம்முடையது இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிகம், அவ்வளவுதான்.

பாட்டிக்கு அப்போது 95 வயது. அண்ணன் போனபோது அவருக்கு 14. நண்பரின் தயக்கம் இதுதான்: விழுந்த விதம் பற்றிய குறிப்புகளைப் பார்த்தால் அது நொடியில் முடிந்த சாவு இல்லை. வீட்டில் இத்தனை வருடமாக நம்பியது "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, உடனே முடிஞ்சிருக்கும்" என்பதை. இதைப் போய் அவரிடம் சொல்வதா? "நீ சொல்வியா?" என்று என்னைக் கேட்டார். "முதல்ல அவங்களுக்கு என்ன தெரியணும்னு கேளுங்க" என்றேன்.

கேட்டிருக்கிறார். எப்படிச் செத்தான், வலித்திருக்குமா, எதுவுமே பாட்டி கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குண்டு போடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நாங்கள் விழுந்த நேரம் என்று ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம். 80 வருடமாக அவர் அந்த எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், வேறு காரணத்துக்காக.

எந்தப் பதில் அவருக்கு ஆறுதல் என்பது எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதில் கஷ்டம். போன வேலையை முடித்துவிட்டுச் செத்தான் என்பது பெருமையாக இருக்கலாம். ஒரு கையும் ரத்தமாகாமல் செத்தான் என்பது நிம்மதியாக இருக்கலாம். ஆறுதலுக்காகக் கொஞ்சம் பொய் சொல்லலாம் என்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல எதிராளிக்கு எது ஆறுதல் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் சொல்லும் பொய் நம் கற்பனைக்கு நாமே செய்துகொள்ளும் சேவை, அதில் கருணை எதுவும் இல்லை.

பொய்யைவிடச் சின்னதாக, அதனாலேயே ஆபத்தானதாக ஒன்று இருக்கிறது: முழுமையாக்கிச் சொல்வது. 'அநேகமாக'வை உருவிவிட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவது. 70 சதவீதத்தை 100 ஆக்குவது. தேடுகிற எல்லோருக்கும் இந்தச் சபலம் உண்டு. நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியடியில் 2008இல் ஒரு ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானத்தின் துண்டு அகப்பட்டது. முதலில் அதை ஒரு விமானமாக அடையாளம் கண்டார்கள். பின்னால்தான் அது பி.கே.716 என்ற வேறொரு ஸ்டிர்லிங் என்று தெளிவானது. 2020இல் நீரிலிருந்து எடுத்தார்கள். இரண்டுமே ஸ்டிர்லிங், இரண்டிலும் ஏழேழு பேர். முதல் அடையாளத்தோடு யாராவது நிறுத்தியிருந்தால் ஒரு குழுவின் குடும்பங்கள் வேறொரு குழுவின் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். அழுதவர்களின் கண்ணீர் உண்மைதான். ஆனால் சொந்தமான இன்னொரு வீட்டுக்கு அந்தக் கண்ணீர் போய்ச் சேராமலே இருந்திருக்கும். ஒரு வீட்டுக்கு நாம் முழுமையாக்கிச் சொல்லும் உறுதி, எங்கோ ஒரு வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

நண்பர் உள்ளதை உள்ளபடி சொன்னார். "அநேகமா போட்டதுக்கு அப்புறம்தான் பாட்டி. உறுதியாச் சொல்ல முடியல." பாட்டி சரி என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஊர்ல எவ்வளவு பேர் என்று கேட்டாராம்.

ஹாம்பர்க் தாக்குதல்கள் 1943 ஜூலை 24 இரவு தொடங்கி ஆகஸ்ட் 3 வரை நடந்தன. ஜூலை 27 இரவு தீப்புயல் எழுந்தது. தீ காற்றை உள்ளிழுத்து, அந்தக் காற்றே தெருவில் நிற்பவரைத் தீக்குள் இழுத்தது. நிலவறைகளில் பதுங்கியவர்கள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். மொத்தச் சாவு 34,000 முதல் 40,000 வரை. ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை வடிவத்தில் வெட்டிய பெருங்குழிகளில் புதைத்தார்கள். அங்கே குறுக்கே கிடக்கும் மரக்கட்டைகளில் எழுதியிருப்பது ஆட்களின் பெயர் அல்ல, பேட்டைகளின் பெயர். எந்தப் பகுதியில் அள்ளிய உடல்கள் என்பதுதான் அடையாளம். மேலே பறந்தவர்களுக்கு, உடல் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு பெயர். கீழே இருந்தவர்களுக்குப் பேட்டைக்கொரு பெயர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமானதுதான். அந்த ஏழு பேரும் இருபது சொச்சம் வயசுப் பையன்கள். எதிரில் இருந்தது நாஜி அரசு. இலக்கை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு சுற்றுக்கு 30 பறப்பு, அதை முடிக்கும்வரை உயிரோடு இருப்போமா என்பதே சந்தேகம். அவர்களைக் கூண்டில் ஏற்றுவதற்கா இந்தத் தேடல்? இல்லை. பாட்டியும் தீர்ப்புக் கேட்கவில்லை. ஆனால் அவனுடைய கடைசி மணிநேரத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அந்த மணிநேரத்தில் அந்த ஊரும் இருக்கிறது. அண்ணனை மட்டும் வெட்டி எடுத்துத் துக்கப்படுவது அண்ணனையே பாதியாக்குவது. அவர் கேட்ட இரண்டாவது கேள்வி முதல் கேள்வியிலேயே இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நமக்கு இதில் வேலையில்லை என்று ஒதுங்க முடியாது. இதே போரில் இந்தியத் தளங்களிலிருந்து கிளம்பிய லிபரேட்டர் விமானங்கள் சயாம்-பர்மா ரயில்பாதையின் பாலங்களில் குண்டு போட்டன. பாதை 415 கிலோமீட்டர். அதைப் போட்டவர்கள் போர்க்கைதிகளும், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஓட்டிப்போன தமிழர்களும், பர்மியரும், ஜாவானியரும். குண்டுகளுக்குக் கைதியும் தெரியாது, கூலியும் தெரியாது. திரும்பாத விமானிகளின் பெயர் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில், 24,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருக்கிறது. பாதையில் இறந்த 12,000க்கும் அதிகமான போர்க்கைதிகளில் பெரும்பாலோருக்கு காஞ்சனபுரி, தன்பியூசயாட் போன்ற இடங்களில் வரிசையாகக் கல்லறை. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்கிறார்கள். அந்த 'முதல், வரை' என்ற இடைவெளியில் மட்டும் 20,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பேத்தி இன்று ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ தேடக் கிளம்பினால், பொருத்திப் பார்க்க இரண்டு ஏடு வேண்டாம், ஒரு ஏடாவது வேண்டுமே. தேட முடிவதே ஒரு சலுகை. யாரோ ஒருவர் கிளம்பும்போது உங்கள் பெயரை எழுதிக்கொண்டார், அதனால்தான் நீங்கள் திரும்பாதது தெரிகிறது.

ஆக, கடன் யாருக்கு? அண்ணனுக்கு என்பதைவிட, அன்றிரவு நடந்ததற்கு என்று சொல்வேன். நடந்ததை நடந்தபடி, தெரிந்த அளவுக்கு, தெரியாததைத் தெரியாதது என்றே எழுதிவைப்பது. அப்படி எழுதினால் அதில் ஏழு பெயர் மட்டும் நிற்காது.

சமீபத்தில் நண்பர் தன் அட்டவணையை எனக்கு அனுப்பினார். நேரம், இடம், விமானம், ஆதாரம், நம்பகத்தன்மை என்று பத்திகள். கடைசியில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்: கீழே யார். பெரும்பாலான வரிகளில் அது காலி. காலியாக இருப்பதை அவர் அழிக்கவில்லை.