ஆராய்ச்சி மணியும் சாலை வேகமும்

குற்றம் என்பது பிறருக்கு நேர்ந்த தீங்கினால் ஆவதா, தீங்கு நேரக்கூடும் என்று அறிந்தும் துணிவதனால் ஆவதா? நீதி நூல்களில் மட்டும் கிடந்து உறங்கும் வினா அன்று இது. செபராங் பிறையில், ஜுரு சுங்கச்சாவடியைச் சுற்றியுள்ள சாலைகளில், வண்டியோட்டிகள் நாள்தோறும் தம் செயலால் இதற்கு விடை கூறிக்கொண்டே செல்கின்றனர். பினாங்குப் பாலத்தை நோக்கி விரையும் கார்கள், துறைமுகத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள், பிறைத் தொழிற்பேட்டைக்கு வேலை நேரம் பார்த்து ஓடும் மோட்டார் சைக்கிள்கள் ஆகிய மூன்றும் நெருங்கும் இடம் ஜுரு. கார் விற்பனை நிலையங்களும் உணவுக் கடைகளும் அடுத்தடுத்து அமைந்த ஆட்டோ சிட்டியும் அங்கேதான் இருக்கிறது. அத்தகைய இடத்தில் தேநீர் அருந்துவோரின் பேச்சு, மழையைத் தொட்டாலும் விலைவாசியைத் தொட்டாலும், கடைசியில் சம்மனில் வந்து நிற்பதில் வியப்பில்லை.

அப்பேச்சில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. "யாரையும் இடிக்கவில்லையே அண்ணே, பிறகு எதற்குச் சம்மன்?" என்பான் ஓர் இளைஞன். நெடுங்காலம் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் எதிரே இருந்தால், "நீ இடிக்கவில்லை தம்பி, சரிதான், இடிக்காமல் போனது உன் கெட்டிக்காரத்தனமா?" என்று திருப்பிக் கேட்பார். இளைஞனின் வாதம் வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடத் தக்கதன்று. திருட்டில் பொருளை இழந்தவன் இருக்கிறான். கொலையில் உயிரிழந்தவன் இருக்கிறான். 110 கிலோமீட்டர் எல்லையுள்ள நெடுஞ்சாலையில் 140-இல் சென்று, பத்திரமாக வீடு சேர்ந்தவன் யாருக்கு எதை இழைத்தான்? இழந்தவன் இல்லாத குற்றம் சட்டத்தின் கற்பனை என்றே பலர் உள்ளூர எண்ணுகின்றனர். அந்த எண்ணத்திலிருந்துதான் விளக்குச் சிமிட்டும் வழக்கமும் பிறக்கிறது.

ஜுரு வழியாகச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் எங்கேனும் காவலர் மறைந்து நின்று வேகம் அளந்தால், எதிர்ப்புறம் வருவோர் விளக்கை இருமுறை சிமிட்டி முன்பின் அறியாதவரை எச்சரிப்பர். இனம், மொழி, சமயம் எதுவும் அவ்வேளையில் குறுக்கே வருவதில்லை. இத்தகைய ஒற்றுமை வேறு நற்செயல்களில் இவ்வளவு எளிதாகக் கைகூடுவதில்லை என்பது வேறு செய்தி.

இவ்வழக்கத்துக்கு நூற்றாண்டைக் கடந்த முன்வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 20 மைல் என எல்லை வகுத்தது. காவலர்கள் வேலிப் புதர்களின் பின்னே ஒளிந்து, அளந்து குறித்த தொலைவை வண்டி கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் கணித்தனர். அந்தப் பொறியிலிருந்து உறுப்பினர்களைக் காக்கும் பொருட்டே 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் சங்கம் தோன்றியது. அதன் பணியாளர்கள் மிதிவண்டியில் சுற்றித் திரிந்து எச்சரிக்கை செய்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றபோது இருவேறு தீர்ப்புகள் வந்தன. 1907-இல், எச்சரிக்கப்பட்ட வண்டிகள் அப்போது எல்லை மீறிச் சென்றமைக்குச் சான்றில்லை என்பதால் எச்சரித்தவன் விடுவிக்கப்பட்டான். 1910-இல் வந்த பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், வண்டிகள் ஏற்கெனவே எல்லையை மீறிக்கொண்டிருந்தன. ஆகவே, சான்று சேகரிக்கும் காவலரின் கடமைக்கு இடையூறு செய்தான் என்று எச்சரித்தவன் குற்றவாளி ஆனான். குற்றம் செய்யாதே என்று முன்கூட்டிச் சொல்வதற்கும், செய்துகொண்டிருப்பவனை அகப்படாதே என்று தப்புவிப்பதற்கும் இடையிலுள்ள மெல்லிய கோட்டை அத்தீர்ப்புகள் சுட்டின.

சங்கம் அடங்கிவிடவில்லை. அதன் பணியாளர் உறுப்பினரின் வண்டியைக் கண்டால் வணக்கம் செய்வர். செய்யாவிடில் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்குமாறு உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. வணக்கம் இல்லையெனில் முன்னே காவலர் உளர் என்று பொருள். வணங்காமைக்காக ஒருவனை எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? மனிதனின் சூழ்ச்சித் திறம் அறத்தை விடச் சட்டத்தோடு விளையாடுவதில்தான் மிகுதியும் இன்பம் காண்கிறது.

விளக்குச் சிமிட்டுவோர்க்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. சட்டத்தின் நோக்கம் வேகத்தைக் குறைப்பதுதானே? எச்சரிக்கை பெற்றவன் வேகத்தைக் குறைக்கிறான். காவலர் பத்துப் பேரைப் பிடிக்கும் நேரத்தில் சிமிட்டிய விளக்கு நூறு பேரை மெதுவாகச் செல்ல வைக்கிறது. அவ்வாறாயின் அறம் செய்தவர் யார்? இவ்வாதம் அரைக் கிலோமீட்டர் வரை உண்மை. காவலரைக் கடந்ததும் கால் மீண்டும் அழுத்துகிறது. அந்த விளக்கு கூறிய செய்தி 'முன்னே பள்ளி இருக்கிறது' என்பதன்று. 'முன்னே போலீஸ் இருக்கிறது' என்பது. அஞ்சத் தக்கது எது என்று அது கற்பிக்கிறதோ அதையே எதிரே வருபவனும் கற்றுக்கொள்கிறான். மேலும், எச்சரிப்பவன் யாரை எச்சரிக்கிறான் என்பதையும் அறியான். குடிமயக்கத்தில் ஓட்டி வருபவனுக்கும் அதே விளக்கு அதே பரிவுடன்தான் சிமிட்டுகிறது.

இளைஞனின் வினாவுக்குத் தமிழ் மரபில் ஒரு பழைய எதிரொலி உண்டு. சாலைக் குற்றம் பற்றித் தமிழர் அறிந்த முதல் வழக்கு திருவாரூர்த் தெருவில் நிகழ்ந்தது எனலாம். மனுநீதிச் சோழனின் மகன் தேரேறிச் சென்றான்; இளங்கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது; தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேர்க்காலில் மகனைக் கிடத்தி மன்னன் நீதி செய்தான் என்பதையே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். இலங்கையின் மகாவம்சமும் இத்தகைய நிகழ்ச்சியை எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. மாற்றார் எழுதிய வரலாற்று நூல் ஒரு தமிழ் மன்னனின் நடுவுநிலையைப் பாராட்டுவது எண்ணத் தக்கது.

ஆனால், சேக்கிழார் பெரிய புராணத்தில் இக்கதையை விரிக்கும்போது இடையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மேடைப் பேச்சாளர்கள் அதனை அவசரமாகக் கடந்துவிடுகின்றனர். அமைச்சர்கள் மன்னனிடம், அந்தணர் விதித்தபடி கழுவாய் செய்தால் போதும், அதுவே முறை என்று எடுத்துரைக்கின்றனர். இன்றைய வழக்கில் சொன்னால், கம்பவுண்டு கட்டி வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்கின்றனர். அந்தக் கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயருக்கு மருந்தாகுமா என்பது மன்னனின் மறுமொழி. மகனைக் கொல்லும் தண்டனை இன்று எவர்க்கும் உடன்பாடாகாது, ஆகவும் வேண்டியதில்லை. கதையின் உயிர் அத்தண்டனையில் இல்லை. குற்றத்தை அரசுக்கும் குற்றவாளிக்கும் இடைப்பட்ட கணக்காகத் தீர்த்துவிட மன்னன் இசையவில்லை; மூன்றாவதாக ஓர் உயிர் வாயிலில் நிற்பதை அவன் மறக்கவில்லை.

கதையைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். அதே இளவரசன், அதே தேர், அதே வேகம். ஆனால் முந்தைய நாள். கன்று குறுக்கே வரவில்லை. மணி ஒலிக்கவில்லை. அன்று அவன் செய்ததும் மறுநாள் அவன் செய்ததும் அவனளவில் வேறுபடுகின்றனவா? வேறுபாடு முழுவதும் கன்றின் துள்ளலில் இருக்கிறது. சேக்கிழாரின் இளவரசன் பொறுப்பற்று ஓட்டியவனாகக் காட்டப்படவில்லை; ஆதலின் அவன் பால் இரக்கம் கொள்ள இடமுண்டு. எல்லை இன்னது என்று பலகையில் எழுதப்பட்டிருக்க, அதனைப் படித்தும் மீறுபவனுக்கு அந்த இரக்கத்தில் பங்கு குறைவு. 110-இல் செல்லும் வண்டி 140-இல் செல்லுமாயின் அதன் மோதும் ஆற்றல் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. அது ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டுக் கூடுவதில்லை. அந்த வேகத்தை அவன் தன் உயிரை மட்டும் வைத்து ஆடினால், அறிவின்மை என்று சொல்லி விட்டுவிடலாம். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் செல்பவனின் உயிரையும், அவனைக் கேளாமல், பந்தயப் பொருளாக வைக்கிறான். வென்றுவிட்டதனால் பந்தயம் வைக்கவே இல்லை என்று ஆகுமா?

2016-இல் மலேசியச் சாலைகளில் மாண்டோர் 7,152 பேர். 2019-இல் 6,167 பேர். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020-இல் அது 4,634-ஆக இறங்கியது. மாண்டோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஜுருவிலும் பிறையிலும் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளர் ஏறிச் செல்வதும் அந்த வண்டிதான்.

ஆராய்ச்சி மணியில் ஒரு குறை இருந்தது. கன்று செத்த பிறகே அது ஒலிக்கும். சாலையோரப் படக்கருவி கன்று சாவதற்கு முன்னே ஒலிக்கும் மணி. அந்நிலையில் அது வரவேற்கப்பட்டிருக்க வேண்டும். நிகழ்ந்தது வேறு. 2012 செப்டம்பரில் தானியங்கிப் படக்கருவித் திட்டம் 14 கருவிகளோடு மலேசியாவில் தொடங்கியபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு முழுவதையும் குற்றவாளிகளின் கூச்சல் எனல் தகாது. கருவிகளை நடத்தும் பொறுப்பு இரண்டு தனியார் நிறுவனங்களுக்குத் தரப்பட்டு, தண்டத் தொகையில் அவற்றுக்குப் பங்கும் வகுக்கப்பட்டிருந்தது. பிறர் குற்றம் செய்தால்தான் தனக்கு வருவாய் என்னும் நிலையில் உள்ளவன் கையில் மணிக்கயிற்றைக் கொடுத்தால், மணியோசையை எவன் நம்புவான்? பின்னர் அரசே அத்திட்டத்தை ஏற்றது. 2018-இல் புதிய அரசு நிலுவையிலிருந்த அந்தச் சம்மன்களை ரத்துச் செய்தது. உரிய காலத்தில் ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் அன்று தம்மை ஏமாளிகளாக உணர்ந்திருந்தால் அவர்களைக் குறை கூற இயலாது.

இதைவிடப் பெரிய தீங்கு செய்தது தள்ளுபடி. பல ஆண்டுகளாக, அவ்வப்போது அறிவிப்பு வரும். பாதி விலையில் சம்மன் கட்ட மக்கள் வரிசையில் நிற்பர். துணிக்கடையில் ஆண்டிறுதி விற்பனைக்குக் காத்திருப்பது போலக் குற்றத்துக்கும் மலிவு நாள் வரும் என்று காத்திருக்கும் பழக்கம் வேரூன்றியது. விலை உண்டு என்றால் வாங்கவும் உரிமை உண்டு என்றே மனம் கணக்கிடும். அவ்விலையும் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதனைப் பெறும் ஆலைத் தொழிலாளிக்கு 300 வெள்ளித் தண்டம் நான்கு நாள் கூலிக்கும் மேல். அவனைக் கடந்து சென்ற சொகுசுக் காருக்கு அது ஒரு மாலை விருந்தின் செலவு. பின்லாந்தில் தண்டத்தை வருவாயின் அளவால் விதிக்கின்றனர். 2002-இல் நோக்கியா நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர், 50 கிலோமீட்டர் எல்லையில் 75-இல் சென்றமைக்காக 116,000 யூரோ கட்டப் பணிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தொகை குறைந்தது எனினும், செல்வனும் வறியவனும் ஒரே அளவு வலியை உணர வேண்டும் என்னும் கருத்து அதில் இருக்கிறது. மனுநீதிச் சோழன் வெளியிலிருந்து தேடி எடுத்த தண்டனை அன்று அது. பசு பட்ட வலியை அவன் தானும் ஏற்றான்.

தண்டம் விலையாக மாறிய இடத்தில் பொய்யும் ஒரு சிக்கனமாகத் தோன்றத் தொடங்கும். பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன் 2003-இல் எல்லை மீறி ஓட்டியதைப் படக்கருவி பதிந்தது. உரிமத்தில் ஏறும் குற்றப் புள்ளிகளுக்கு அஞ்சி, ஓட்டியவர் தம் மனைவி என்று கூற இருவரும் இசைந்தனர். பின்னர் மணவாழ்க்கை முறிந்தது; மறைத்தது வெளியாயிற்று; 2013-இல் இருவருக்கும் எட்டு மாதச் சிறை கிடைத்தது. மைல் கணக்கில் சிறியதொரு மீறல், நீதியையே திரித்த குற்றமாக வளரப் பத்தாண்டு ஆயிற்று. தந்தையின் புள்ளியைப் பிள்ளை பேரில் எழுதிவிடலாமா என்ற ஆலோசனை மலேசிய வீடுகளில் எழும்போது, அதனைப் பொய் என்று எவரும் அழைப்பதில்லை. 'சமாளிப்பு' என்பதே அதற்கு வழங்கும் பெயர்.

காவலரோ கருவியோ இல்லாத இடத்தில் ஒருவன் தன்னை எவ்வாறு அளக்கிறான் என்பதை அறிய, ஜுரு சுங்கச்சாவடியே போதும். கோலாலம்பூரின் ஜாலான் டூத்தாவில் நெடுஞ்சாலைக்குள் நுழைந்தவன் ஜுருவில் வெளியேறும்போது, இடையில் ஓடிய தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் கழிகிறது. நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் தெரிந்தவையே. தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் எல்லை வேகத்திலேயே ஓடினாலும் இரண்டே முக்கால் மணி நேரம் அளவில் ஆகும். பள்ளிச் சிறுவனும் செய்யத்தக்க வகுத்தல் கணக்கு அது. "ரெண்டு மணி நேரத்தில் வந்துவிட்டேன் அண்ணே" என்று ஒருவன் தேநீர்க் கடையில் அமர்ந்து சொல்லும்போது, அவன் தன் குற்றத்தைத் தானே எண்களோடு ஒப்புக்கொள்கிறான். கேட்பவர்கள் வண்டி எந்த மாடல் என்று விசாரிக்கின்றனர்.