பாபநாசத் துறையும் ஆற்றின் தாங்குதிறனும்

ஆற்றில் மூழ்கினால் பாவம் தீரும் என்று கொள்ளும் சமயம், தீர்ந்த பாவம் எங்கே போகிறது என்றும் கேட்டே வந்திருக்கிறது. பாகவத புராணத்தில், பூமிக்கு இறங்கும்படி பகீரதன் வேண்டும்போது, மாந்தர் தன்னிடம் கழுவும் பாவத்தைத் தான் எங்கே கழுவுவது என்று கங்கையே தயங்குகிறாள். சான்றோராகிய துறவிகள் நீராட அது நீங்கும் என்கிறான் பகீரதன். ஆற்றின் தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு என்பது புராணத்துக்கே உடன்பாடு.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியில், பாபநாசத் துறையில் நீராடுவோர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்வது தோஷப் பரிகாரமாகக் கருதப்படுகிறது. விட்ட வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சிக்கி, மணல் ஏறிக் கனத்து, அடுத்து முழுக்குப் போடுபவரின் காலைச் சுற்றுகின்றன. இதற்குச் சாத்திரத்தில் ஆதாரம் தேடுவோர்க்கு மனுஸ்மிருதி துணைவராது. அதன் நான்காம் அத்தியாயம் மலம், சிறுநீர், எச்சில் ஆகியவற்றோடு அழுக்குப்பட்ட எதையும் நீரில் இடலாகாது என விலக்குகிறது.

புனித நீரை மாசு தீண்டாது என்பார் உளர். புனிதம் தெய்வ சாந்நித்தியத்தால், அதாவது இறைவன் அங்கே விளங்கி நிற்பதால் வருவது என்றால், அது நீரின் இயற்கைக் குணத்தை மாற்றுவதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிருமியோ அந்த இயற்கையைச் சேர்ந்தது. ஈசன் எங்கும் உளன் என்று உணராதார்க்குக் கங்கையும் காவிரியும் ஆடிப் பயனில்லை என்று பாடிய அப்பர், நீராடலின் பலனை நீரில் வைக்கவில்லை. 2018 அக்டோபரில், 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்பட்ட மகா புஷ்கர நீராட்டு விழாவில் தாமிரபரணியில் மூழ்கிய பெருந்திரளுக்கும் அப்பரின் இச்சொல் பொருந்தும்.

துணியாவது கண்ணுக்குத் தெரியும். நகரச் சாக்கடை கொண்டுவருவது தெரியாது. மலம் கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறியாகக் கொள்ளப்படும் கோலிஃபார்ம் என்னும் பாக்டீரியாத் தொகுதி, குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 500-க்கு மிகலாகாது என்பதும், கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கும் நீர்நிலையில் 50-க்கு மிகலாகாது என்பதும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. குளிப்பவர் வேறு, குடிப்பவர் வேறு என்னும் இப்பகுப்பு நீச்சலுக்கு வருபவர்க்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் உள்ளங்கை நீரை மந்திரத்துடன் மும்முறை உட்கொள்ளும் ஆசமனம் நீராடலோடு சேர்ந்தது. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படியில் குளிப்பவரும் குடிப்பவரும் ஒருவரே, அதுவும் கிருமிநீக்கம் ஏதும் இன்றி. பக்தர்க்கு 500 போதாது; 50-உம் போதுமா என்பதே ஐயம்.