விதியா, தூரமா?

மலையோரக் கிராமம் ஒன்றில் ஒரு கைக்குழந்தை இறந்துபோகிறது. அதற்குத் தீங்கிழைத்தவர் எவருமில்லை. முதல் நாள் பால் குடிக்கவில்லை. மறுநாள் மூச்சு இரைத்தது. மூன்றாம் நாள் விடியுமுன் அடங்கிவிட்டது. சுற்றத்தார் தாயைத் தேற்றுகின்றனர்: ‘நமக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.’

துயரத்தில் மூழ்கியவளுக்குச் சொல்லும் ஆறுதலாக அச்சொல்லில் குற்றமில்லை. வேறு எதைச் சொல்லி அவளை எழுப்பி உட்காரவைப்பது? ஆனால் அந்த வீட்டிற்கு வெளியே இருப்பவர்களும் அதையே சொல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. தாய்க்கு அது ஆறுதல். மற்றவர்களுக்கோ பொறுப்பிலிருந்து தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரம். கொன்றவர் இல்லாத மரணத்திற்கு யார் பொறுப்பு? இக்கேள்வி எளிதில் விலக்கத் தக்கதன்று.

தூரம் என்பது என்ன?

பெரியவர் ஒருவர் நோயுற்றால், எங்கே வலிக்கிறது என்று சொல்வார். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு கேட்பார். குழந்தைக்கு இவ்விரண்டும் இயலாது. அதன் மொழி அழுகை ஒன்றே. நோய் முற்றினால் அந்த அழுகையும் மெலிந்துவிடும். பிறந்து சில நாட்களே ஆன சிசு பால் குடிப்பதை நிறுத்துவதும், உடல் சில்லிடுவதும், சோர்ந்து கிடப்பதும் இரத்தத்தில் கிருமி பரவியதன் அடையாளங்களாக இருக்கக்கூடும். அதன்பின் எஞ்சியிருப்பது சில மணி நேரமே. ‘குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறது’ என்று வீட்டார் எண்ணும் வேளையில் உயிர் நழுவிக்கொண்டிருக்கும்.

எனவே குழந்தைக்கும் மருத்துவத்திற்கும் இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்க இயலாது. ஆபத்தின் அறிகுறி இன்னதென்று தெரியாமை முதல் தூரம். மழைக்காலத்தில் கரைபுரளும் ஓடை இரண்டாவது. ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சும் தகப்பனின் கணக்கு மூன்றாவது. மற்றக் குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்வது என்ற தாயின் தவிப்பும், நகரத்து மருத்துவமனையில் எவரேனும் அதட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. இத்தனையையும் கடந்து சென்றால், அங்கே குழந்தை நல மருத்துவர் இல்லாமலும் போகலாம். விதி என்று ஒரே சொல்லில் அடக்கப்படுவது இப்படிப் பல கூறுகளாகப் பிரிகிறது. அவற்றுள் பெரும்பாலானவை மனித முயற்சிக்கு உட்பட்டவை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு.

வங்காள எல்லையில் ஒரு பாடம்

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து மேற்கு வங்காளத்திற்குள் வந்தனர். முகாம்களில் காலரா பரவியது. போன்கான் என்னும் எல்லை ஊரின் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். அவர்களுக்கு நரம்பின் வழியே ஏற்ற வேண்டிய உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. அங்கே பணிபுரிந்த குழந்தை நல மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் ஒரு முடிவெடுத்தார். சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகிய மூன்றையும் உரிய அளவில் நீரில் கரைத்துப் பெரிய கலன்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும் அதைக் குவளைகளில் பிடித்துச் சென்று தாங்களே புகட்டினர்.

சர்க்கரைச் சத்து, குடலின் வழியே உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்லும் என்பது ஆய்வுக்கூடங்களில் முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் பயிற்சி பெறாதவர் கையில் இதை ஒப்படைக்கலாமா என்பதில் மருத்துவ உலகிற்கு ஐயமிருந்தது. போன்கானில் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஊசியும் குழாயும் செய்ய வேண்டிய வேலையைத் தாயின் கையும் ஒரு குவளையும் செய்து காட்டின. மஹலநாபிஸ் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் வழிகாட்டிய அந்தக் கரைசல் இன்று உலகமெங்கும் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கிறது.

பத்து மூச்சுக்கு ஒரு மணி

போன்கானில் மருத்துவர் உடனிருந்தார். மருத்துவரே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர்கள் மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்கு எல்லையில், காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் 1980-களில் குடியேறிய மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் ஆகியோர். கோண்டு பழங்குடியினர் பெருமளவில் வாழும் பகுதி அது. பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தன. பச்சிளங்குழந்தை நோயுற்றாலும் அதை வெளியே எடுத்துச் செல்வது அரிது. குழந்தை மருத்துவமனைக்கு வராவிட்டால் மருத்துவம் குழந்தையிடம் செல்லட்டும் என்று அவர்கள் தீர்மானித்தனர்.

1990-களின் நடுவில் 39 கிராமங்களில் அவ்வூர்ப் பெண்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு ‘ஆரோக்யதூத்’, அதாவது உடல்நலத் தூதர் என்று பெயர். அவர்கள் பேறுகாலத்தில் உடனிருந்தனர். பிறந்த குழந்தையை எடை பார்த்தனர். மூச்சுவிடாத குழந்தைக்கு முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்டினர். எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தனர். கிருமித் தொற்றின் அறிகுறி கண்டால் மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறினர். பெற்றோர் செல்ல இயலாதபோது, அவர்களின் ஒப்புதலுடன் தாமே மருந்தும் ஊசியும் அளித்தனர்.

அங்கே உருவான எளிய கருவி ஒன்று உண்டு. நிமோனியா கண்ட குழந்தையின் மூச்சு வேகமாக ஓடும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு ஓடினால் அது ஆபத்து. அவ்வளவு எண்ணத் தெரியாத மருத்துவச்சிகள் என்ன செய்வர்? அவர்களுக்காக மணிகள் கோத்த ஒரு சட்டமும் ஒரு நிமிட மணற்கடிகாரமும் அமைக்கப்பட்டன. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் விழுந்து முடிவதற்குள் சிவப்பு மணியை நகர்த்த நேர்ந்தால் குழந்தைக்கு உடனே மருந்து தேவை.

மணி உருட்டி எண்ணும் பழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. இங்கே எண்ணப்பட்டது ஓர் ஏழைச் சிசுவின் மூச்சு. எண்ணியவள் எழுத்தறியாத ஒரு கிழவியாகவும் இருக்கலாம். அந்த எண்ணிக்கையில் அவள் மனம் சிதறாதிருந்ததால் ஓர் உயிர் தங்கியது. இதைவிடச் சிறந்த வழிபாடு எது என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

விளைவும் அளந்து பார்க்கப்பட்டது. 1993-95-இல் அக்கிராமங்களில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 62 குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்தன. பணி தொடங்கிய மூன்றாம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 25.5 ஆயிற்று. இந்த ஆய்வு 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது.

நகரும் எல்லை

இவ்விரு நிகழ்ச்சிகளும் அறத்தைப் பற்றி ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒரு நோய்க்கு மருந்தே கண்டறியப்படாத காலத்தில் அதனால் நேரும் இறப்பைத் துரதிர்ஷ்டம் எனலாம். மருந்து கண்டறியப்பட்டு, அதைக் கொண்டு சேர்க்கும் வழியும் தெரிந்த பின்பு அதே இறப்புக்கு அப்பெயர் பொருந்தாது; அது அநீதியாகிவிடுகிறது. விதிக்கும் மனிதப் பொறுப்புக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு நிலையானதன்று. அறிவு வளர வளர அது நகர்கிறது. கோடு நகர்ந்த பின்னும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டு ‘விதி’ என்று சொல்பவர், தம்மை அறியாமலேயே ஓர் உண்மையை மறைக்கிறார்.

இங்கே ஒரு தடை எழலாம். துன்பம் முன்வினையின் பயன் என்று நம் மரபு கூறுகிறதே, அதை மனிதர் மாற்ற முடியுமா? ஒரு குழந்தையின் துன்பத்திற்கு அதன் முன்வினையே காரணம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கணக்கைப் படித்தறிந்தவர் எவருமில்லை. ஆனால் துன்பத்தைக் கண்டு நிற்பவர் அப்போது என்ன செய்கிறார் என்பது ஐயத்திற்கிடமின்றி அவருடைய வினை. வினைக்கொள்கை ஒவ்வொருவரையும் தம் செயலுக்குப் பொறுப்பாளியாக்கவே எழுந்தது. பிறர் துன்பத்தைக் கண்டு ஒதுங்கிச் செல்ல அதையே காரணம் காட்டுவது கொள்கையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

மற்றொரு தடை இதைவிடக் கடினமானது. நகரத்துக் குழந்தைக்குச் சிறப்பு மருத்துவர், காட்டுக் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற கிராமப் பெண் என்றால் அது இரண்டாந்தர நீதியாகாதா? இக்கேள்வியில் நியாயம் உண்டு. இதயத்தில் துளையுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை மருத்துவரே வேண்டும். குறைமாதக் குழந்தைக்குச் சிறப்புக் கவனிப்புப் பிரிவும் தேர்ந்த செவிலியரும் வேண்டும். கிராமப் பெண்ணைக் காட்டி அவற்றை மறுப்பது வஞ்சனையே. ஆனால் மருத்துவர் வரும்வரை காத்திருக்குமாறு சாகும் குழந்தையிடம் சொல்வது அதனினும் பெரிய வஞ்சனை. கிராமத்தில் இருப்பவள் ஏணியின் முதற்படி. அடுத்தடுத்த படிகளைக் கட்டுவது சமுதாயத்தின் கடன். முதற்படி மட்டும் போதும் என்று நிறுத்திவிடுவதும், உச்சிப்படி முடியும்வரை முதற்படியை இடாதிருப்பதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

இன்று நிற்கும் இடம்

நாடு வெகுதூரம் வந்திருக்கிறது. கட்சிரோலியின் அனுபவம் தேசியத் திட்டங்களுக்கு வழிகாட்டியாயிற்று. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் ஆஷா பணியாளர்கள் வந்தனர். 2011 முதல் அவர்கள் பச்சிளங்குழந்தை இருக்கும் வீடுகளுக்குச் சென்று, முதல் 42 நாட்களில் ஆறு அல்லது ஏழு முறை குழந்தையைப் பார்க்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் நிகழ்ந்ததே நாட்டின் கடைசி இளம்பிள்ளைவாத நிகழ்வு. 2014-இல் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2005-இல் ஆயிரம் பிறப்புக்கு 58 ஆக இருந்த சிசு இறப்பு விகிதம் 2023-இல் 25 ஆகக் குறைந்தது.

ஆயினும் அந்தச் சராசரிக்குள் பெரும் ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கிறது. அதே 2023-இல் கேரளத்தில் அவ்விகிதம் 5. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் 37. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் பிறந்த குழந்தைகள் இவர்கள். எங்கே பிறப்பது என்பதை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. உயிர் பிழைத்த குழந்தைகளின் நிலையும் கவலைக்குரியது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவர்களுள் பலர் பிறந்தது மருத்துவமனையில்தான். பிரசவ அறைவரை தூரம் குறைந்துவிட்டது. வீட்டு அடுப்படிவரை இன்னும் குறையவில்லை.

முதற்படியில் நிற்கும் ஆஷா பணியாளருக்குக் கிடைப்பது மாத ஊதியமன்று, ஊக்கத்தொகையே. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருபவள் அவள். அவளைத் தொண்டர் என்று புகழ்வது எளிது. புகழோடு நிறுத்திக்கொண்டு அவளுடைய உழைப்பின் விலையை மறந்துவிடும் சமுதாயம், குழந்தைகளின் மூச்சைக் கடனுக்கு எண்ணச் சொல்கிறது.

யாருடைய குழந்தை?

பொறுப்பு எல்லாருக்கும் உரியது என்றால் நடைமுறையில் ஒருவருக்கும் உரியதாகாமல் போய்விடும் என்பர். அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. மேலே கண்ட தூரங்களுள் எது தம் கைக்கு எட்டுகிறது என்று ஒவ்வொருவரும் பார்க்கலாம். ஆட்சியில் இருப்பவருக்கு எட்டுவது காலியாகக் கிடக்கும் மருத்துவர் பணியிடம். மருத்துவருக்கு எட்டுவது, அஞ்சி நிற்கும் ஏழைத் தாயிடம் பேசும் முறை. வசதியுள்ள குடும்பத்திற்கு எட்டுவது, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கூலியைக் குறைக்காமல் விடுப்புத் தருவது. அண்டை வீட்டாருக்கு எட்டுவது, மற்றக் குழந்தைகளை ஓர் இரவு பார்த்துக்கொள்வது. இவற்றுள் எதுவும் வீரச்செயலன்று. ஆனால் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஒரு குழந்தை வழியிலேயே நின்றுவிடக்கூடும்.

இத்தனையும் செய்த பிறகும் சில குழந்தைகள் இறக்கவே செய்யும். மனித அறிவு எட்டாத இடம் என்றும் இருக்கும். அங்கே தலைவணங்குவது பக்தி. அறிவு எட்டிய இடத்திலும் அவ்வாறே தலைகுனிந்து நிற்பது அசட்டை. இழந்த தாயின் அருகே அமர்ந்து ‘கொடுத்துவைத்தது அவ்வளவுதான்’ என்று சொல்வதற்குமுன், தரக்கூடியதெல்லாம் அக்குழந்தைக்குத் தரப்பட்டதா என்று ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.