குடும்பக் கமத்தில் முடிவும் உரிமையும்: ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்து வளவொன்றினை எடுத்துக்கொண்டால், எல்லையிற் பனையும், வீட்டைச் சுற்றித் தென்னை, மா, பலா முதலியனவும், கிணற்றடியில் வாழையும், அப்பால் வெங்காயமோ மிளகாயோ புகையிலையோ விளையும் தோட்டமும் காணப்படும். கணவனும் மனைவியும் பெரும்பாலும் தம் உழைப்பாலேயே இதனைப் பேணி வருவர். ஆயின், எதை நடுவது, எதைத் தறிப்பது, எதை விற்பது என்பவற்றை இருவருள் யார் தீர்மானிப்பது? இவ்வினா பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. அறவியல் நோக்கிலும் ஆராயத்தக்கதாகும்.

தீர்மானங்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல என்பதை முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெங்காயம் நடுவதா, மிளகாய் நடுவதா என்பதில் நேரும் பிழையை அடுத்த போகத்திலே திருத்திக்கொள்ளலாம். மரத்தின் இயல்பு வேறு. தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். பனை பலன்தரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். நட்டவர் மறைந்த பின்னரும் அது நிற்கும். நிழல் எங்கே விழும், எந்நிலம் இனிப் பயிருக்கு உதவாது, எத்தனை ஆண்டு யார் நீர் ஊற்ற வேண்டும் என்பவையெல்லாம் பெரும்பாலும் நடும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. எனவே, பயிரைப் பற்றி மனைவியோடு கலந்து, மரத்தைப் பற்றித் தானே முடிவுசெய்யும் கணவன், பல முடிவுகளில் அவளுக்கு இடமளித்தவன் போலத் தோன்றினும், அவளது எதிர்காலத்தை ஒரே முடிவால் வரையறுத்துவிடுகிறான்.

‘அவளைக் கேட்டுத்தான் செய்தேன்’ என்பது இங்கு வழக்கமாகக் கூறப்படும் விடையாகும். கேட்டல் என்னும் சொல்லினுள் மூன்று நிலைகள் அடங்கியுள்ளன. முடிவை அறிவித்தல் ஒன்று. கருத்தை வினவுதல் மற்றொன்று. ‘வேண்டாம்’ என்று கூறின் அதற்குக் கட்டுப்படுதல் மூன்றாவது. மறுக்கும் உரிமை இல்லாதவிடத்துச் சம்மதம் என்பது வெறும் மௌனமேயாகும். முடிவிற் பங்கு என்பது மூன்றாம் நிலையிலேதான் தொடங்குகிறது.

இவ்வுண்மையை விளக்க மேற்காபிரிக்காவிலுள்ள கம்பியா நாட்டின் அனுபவம் துணைசெய்யும். அந்நாட்டின் வடகரைப் பகுதியிலே, 1970களின் வரட்சிக்குப் பின்னர், பெண்கள் கிணறு தோண்டி மரக்கறித் தோட்டங்கள் அமைத்து வருவாய் பெற்றனர். 1980களில் மரநடுகையை ஊக்குவிக்கும் திட்டங்கள் வந்தபோது, நிலவுரிமை கொண்ட ஆடவர் அத்தோட்டங்களிலே மா முதலிய பழமரங்களை நாட்டினர். பெண்கள் தம் பயிருக்கு ஊற்றிய நீரே மரங்களையும் வளர்த்தது. மரங்கள் கிளைபரப்பியபோது நிழலிற் பயிர்கள் குன்றின. தோட்டம் ஆடவரின் பழத்தோப்பாக மாறலாயிற்று. மரம் நடுதல் நற்செயலே. ஆயினும், ஒருவரின் நீரால் வளர்ந்து அவரையே வெளியேற்றும் மரத்தினை எவ்வாறு நற்செயல் எனக் கொள்வது?

நம் நிலைமை இதனினின்றும் வேறுபட்டது. தேசவழமையின்படி சீதனநிலம் மனைவியின் தனியுடைமையாகும். ஆயின், தேசவழமைக்குட்பட்டோரின் மணவழிச் சொத்துரிமைகள் தொடர்பான 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தினைத் தன் வாழ்நாளில் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்படின் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்னும் விதியும் அதிலே இருந்தது. கணவன் தன் தனிநிலத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்னும் விதி மட்டும் இல்லை. கம்பியாவின் அத்தோட்டங்களிலே நிலவுரிமை பெண்ணிடம் இருக்கவில்லை. இங்கு நிலமிருந்தும் மறுக்கும் உரிமை ஒருபக்கமாகவே வைக்கப்பட்டது. உடைமையும் முடிவெடுக்கும் உரிமையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குடும்பத்திற்கு ஒரு தலைமை வேண்டாவா எனச் சிலர் வினவலாம். வள்ளுவரும் ‘வாழ்க்கைத் துணைநலம்’ வகுத்ததோடு அமையாது ‘பெண்வழிச்சேறல்’ என்றோர் அதிகாரமும் வகுத்தாரன்றோ என்பர். அவ்வதிகாரம் அக்கால ஆண்நோக்கினின்று விடுபட்டதன்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆயினும், ஒருவர் வழியே மற்றவர் செல்லுதல் தவறாயின், அத்தவறு கணவன்வழிச் செல்லுதற்கும் பொருந்தவேண்டும். ஜோன் ஸ்ருவேட் மில் 1869 இல் வெளியிட்ட நூலிலே, வணிகக் கூட்டாளிகளுள் ஒருவர் முழுத்தலைவராதல் வேண்டுமென எச்சட்டமும் கூறாதபோது, திருமணத்திற்கு மட்டும் அது ஏன் வேண்டும் என்னும் கருத்தினை முன்வைத்தார். பெண்ணுக்குக் கமத்தில் அனுபவம் போதாது என்னும் வாதமும் நில்லாது. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலே கணவனை இழந்த பெண்கள் பலர் தனித்துக் கமம் செய்து குடும்பம் பேணி வந்தனர்.

எல்லாவற்றையும் இருவரும் கூடியே முடிவுசெய்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது உண்மை. நாளாந்தப் பணிகளை அவரவர் தனித்து நடத்தலாம். ஆனால், மீட்க இயலாத முடிவுகளாகிய நாட்டல், தறித்தல், விற்றல், ஈடுவைத்தல் என்பவற்றில் இருவரது சம்மதமும் இன்றியமையாதது. அவற்றின் விளைவைச் சுமப்போர் இருவருமாதலின் இது வெறும் சலுகையன்று, நீதியாகும். இந்நாட்டிலே பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறித்தற்கு அனுமதி பெறவேண்டுமென 1951 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நெடுங்காலப் பயன்தரும் மரத்தினை ஒருவர் விருப்பத்திற்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்தாகும். அரசாங்க அலுவலரிடம் அனுமதி கேட்கும் கமக்காரன், அம்மரத்திற்கு நீர் ஊற்றியவளிடமும் கேட்கக் கடமைப்பட்டவனாவான்.